பூட்டில்லாத போன்

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு ஊசி என்று பெயர். வேலைக்கும் வாய்க்கும் சேர்த்து வைத்த பெயர். ரெக்சினை அளவாக வெட்டி, அடியில் ஸ்பாஞ்சு ஒட்டி, ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைக்க வேண்டும். நாள் முழுவதும் பசை நெடி. கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்தே இருக்கும். அவள் தைத்த உறையில் சுருக்கம் விழாது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் வாயைத் திறந்தால் யார் முகமாவது சுருங்காமல் இருக்காது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

புருஷன் சரியில்லை என்று ஒரு துணிப்பையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். வந்த அன்று கதவைத் திறந்தது அண்ணி. பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "எத்தனை நாளைக்கு வந்திருக்கேன்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி அரிசி வாங்கிடலாம்" என்றாள். அண்ணி அதைக் குத்தலாகச் சொன்னாளா, கணக்காகச் சொன்னாளா என்பது அண்ணிக்கே தெரியும். ஊசிக்கு அது தைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரு வார்த்தையும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. "அந்தத் தட்டு யாருக்காவது வேணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள் ஒருத்தி. "வேணும்கிறவங்க எடுத்துக்குவாங்க" என்று கூரையைப் பார்த்துச் சொல்வாள் மற்றவள். நடுவில் அம்மா உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் கொஞ்சம் எண்ணெய், அந்தப் பக்கம் கொஞ்சம் எண்ணெய் என்று ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

அண்ணன் வெளிநாட்டில் கிரேன் ஓட்டினான். இரும்புக் குழாய் ஏற்றும் யார்டில், கட்டு சரியாக மாட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பார்க்கப் போனவன்மேல் குழாய்கள் சரிந்துவிட்டன. வலது கால், முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. கம்பெனி இரண்டு பேருக்கு டிக்கெட் தருகிறது என்று அங்கிருந்த மேஸ்திரி போனில் சொன்னார். அவரும் நம் மொழிக்காரர்தான்.

அண்ணி போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது ஆள் யார் என்பதை அம்மா முடிவு செய்தாள். அண்ணி குளிக்கப் போன நேரத்தில் மகளை அடுப்படிக்கு இழுத்தாள்.

"நீ போ. அவ தனியாப் போனா அவனை அங்கேயே கைக்குள்ள போட்டுக்குவா. வைத்தியம் பாக்கிறேன்னு அங்கேயே வச்சுக்கிட்டா நாம என்ன செய்ய முடியும்? கண்ணைத் திறந்து வச்சிரு. எதுவா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும். அவளுக்கு இல்ல."

"அவங்கதானே பொண்டாட்டி?"

"பொண்டாட்டி இன்னிக்கு வந்தவ. நான் பெத்தவ."

பட்டறைக்கு அடுத்த வரிசையில் போன் ரிப்பேர்காரர் ஒருவர் இருந்தார். ஊசியின் போன் அவரிடம் வாங்கிய பழைய போன். திரையில் மூலைக்கு மூலை ஒரு கீறல் ஓடும். அங்கே போனால் வேலை செய்யுமா என்று கேட்கப் போனாள்.

"செய்யும். இது பூட்டில்லாத போன். எவன் சிம்மைப் போட்டாலும் வாயைத் திறந்து வாங்கிக்கும். ஆனா நம்மூரு சிம்மோட அங்க போய் ஹலோன்னு சொல்லிடாதீங்க. ரோமிங்ல தோலை உரிச்சு உப்பைத் தடவிடுவான். விமானம் ஏறும்போதே டேட்டாவை அணைச்சிடுங்க, ரோமிங்கையும் அணைச்சிடுங்க. அங்க இறங்கினதும் விமான நிலையத்துக்குள்ள சிம் வாங்காதீங்க, யானை விலை சொல்லுவான். வெளிய வந்து, வேலைக்குப் போன ஆளுங்க எந்தக் கடையில வாங்கறாங்களோ அங்க வாங்குங்க. பாஸ்போர்ட்டைக் காட்டினா குடுத்துடுவான்." பேசிக்கொண்டே பின்னால் தட்டிப் பார்த்துக் கொடுத்தவர், "கூட யார் வர்றாங்க?" என்றார்.

"அண்ணி. அவங்க போன் பெருசு. சிம் கம்பெனிக்காரன்கிட்டயே தவணையில வாங்கினது."

"அப்ப அது பூட்டுப் போட்ட போன். அடுத்த கம்பெனி சிம்மைத் துப்பிடும். இங்க இருக்கும்போதே கம்பெனிக்குச் சொன்னா பூட்டை எடுத்து விட்டுடுவான், ஒரு வாரம் இழுப்பான். அங்க போனப்புறம் தலைகீழா நின்னாலும் நடக்காது. இன்னிக்கே செய்யச் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள் ஊசி.

விசா வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேலேயே ஆனது. ஊசி சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் ராத்திரி படுக்கும்போது நினைவுக்கு வந்தது. வரும்போதெல்லாம் அந்த அரிசிப் பேச்சும் சேர்ந்தே வந்தது.

இறங்கிய ஊரில் காற்று முழுக்கத் தூசி. சூரியன் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் தெரிந்தது. மேஸ்திரி வேனோடு வந்திருந்தார். வழியில் வேலையாட்கள் கூட்டமாக நின்ற ஒரு கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் ஊசி. ரிப்பேர்காரர் சொன்னபடி பாஸ்போர்ட்டைக் காட்டினாள். கடைக்காரன் சிம்மைப் போட்டுக் கொடுத்தான். ஊருக்குப் பேசினாலும் கையைக் கடிக்காத திட்டம் ஒன்றை மேஸ்திரி கேட்டு வாங்கிக் கொடுத்தார். பழைய சிம்மை ஊசி மணிபர்சுக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டாள்.

அண்ணியும் ஒரு சிம் வாங்கினாள். போட்டாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பூட்டுப் போட்டிருக்குங்க இது" என்றார் மேஸ்திரி. "ஊர்லயே எடுத்திருக்கணுமே. யாரும் சொல்லலையா?"

"எனக்கு யார் சொல்லுவா?" என்றாள் அண்ணி.

ஊசி வேன் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

பழைய சிம்மிலேயே அண்ணி ஒருநாள் ஓட்டினாள். மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டு வந்திருந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் கூப்பிட்டாள். குழந்தை பல் ஆடுவதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோதே படம் நின்றது. பணம் மொத்தத்தையும் ரோமிங் விழுங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பிறகு அந்தப் பெரிய போன் மணி பார்க்க மட்டும்தான் உதவியது.

ஆஸ்பத்திரியில் இலவச வைஃபை இருந்தது. அதைத் திறக்க ஒரு ரகசிய எண் வரும். அதை அந்த ஊர் நம்பருக்குத்தான் அனுப்புவான். அந்த ஊர் நம்பர் ஊசியிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களும் தொடர்புக்கு அந்த நம்பரையே குறித்துக்கொண்டார்கள். 

தங்கியது கம்பெனியின் வேலையாட்கள் குடியிருப்பில், மாடியில் ஒரு அறை. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே யார்டு. அண்ணன் ஓட்டிய கிரேன் எது என்று தெரியாது. எல்லாக் கிரேனும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. சன்னமான தூசி ஜன்னல் இடுக்கு வழியே வந்து தலையணையில் படியும். காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் கீழே கேன்டீனில் தருவார்கள். மத்தியானம் குழைந்த சோறு. சாயங்காலம் வேன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்.

அண்ணி கேன்டீனில் தட்டைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்க்காமல், முதல்முறையாக நேராக ஊசியைப் பார்த்துக் கேட்டாள்.

"கொஞ்சம் போன் தர்றியா? புள்ளை பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பேசிடறேன்."

"சார்ஜ் ஏறட்டும்."

சார்ஜ் ஏறியது. பிறகு ஊசி அம்மாவிடம் பேசினாள். பிறகு பட்டறைக்குப் பேசினாள். பேச ஒன்றும் இல்லை, பஸ் இருக்கை வேலை முடிந்ததா என்று கேட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு போனை நீட்டினாள். 

மறுநாள் நேரத்துக்கே கொடுத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணி. என் போன். எங்க அம்மாவைப் பத்தி உங்க வீட்டுல என்ன பேசறாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். குழந்தையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, உன் போன் ஏன் எப்பவும் அணைஞ்சே கிடக்கு? என் மேல கோபமா?"

"இல்லடா தங்கம். அம்மா போனுக்கு உடம்பு சரியில்ல."

"அப்பாவுக்கும் சரியில்ல, போனுக்கும் சரியில்லையா?"

அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஊசிக்கு உள்ளே இனித்தது. அடுத்த நிமிஷம் வாயில் துணி நூலைக் கடித்ததுபோல ஒரு கூச்சமும் வந்தது. அதை அவள் துப்பிவிட்டாள்.

இதையெல்லாம் கவனித்துவிட்டாரோ என்னவோ, மேஸ்திரி ஒருநாள் வேனில் சொன்னார்: "ஏம்மா, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு விட்டா அவங்க போன்லயும் நெட் வருமே. பூட்டு சிம்முக்குத்தான், நெட்டுக்கு இல்லையே. ரெண்டு பேரும் அவங்கவங்க பாட்டுக்குப் பேசலாம்."

"என் போன் பழசு சார். சூடாகி வெடிச்சிடும்."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள்.

"உனக்கு என்னதான் வேணும்? உன் கால்ல விழணுமா?"

"என் கால்ல எதுக்கு விழறீங்க? அரிசிக் கணக்குப் பாத்து வாழற ஆளு நீங்க."

"என்ன அரிசி?"

"மறந்துட்டீங்களா? நான் பையோட வந்து நின்னப்ப கேட்டீங்களே, எத்தனை நாளைக்குன்னு."

அண்ணி யோசித்தாள். உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை. அது ஊசிக்கு இன்னும் எரிந்தது. தான் இத்தனை வருஷம் அடைகாத்த காயம் எதிராளிக்கு ஒரு தூசிகூட இல்லை.

"அந்த ஒரு வார்த்தைக்காகவா என் புள்ளை குரலை எனக்குப் பிச்சை போடறே?"

"இரவல் வாங்கறவங்க குடுக்கறப்ப வாங்கிக்கணும்."

"வச்சுக்க. உன் போனை நீயே வச்சுக் கும்பிடு. எனக்கு வேண்டாம்" என்று அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அண்ணனுக்கு அதற்குள் காய்ச்சல் கூடிவிட்டது. கட்டுக்கு மேலே தொடை வரை தோல் மினுமினுத்துச் சிவந்திருந்தது. போர்வையை விலக்கினால் ஒரு வாடை. அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். "இது நல்லதுக்கில்லை" என்று மேஸ்திரியிடம் கிசுகிசுத்தாள். அண்ணன் கண்ணைத் திறந்து, குழாயைக் கட்டு, குழாயைக் கட்டு என்று யாரையோ அதட்டினான். தங்கையை அடையாளம் தெரியவில்லை அவனுக்கு.

மறுநாள் காலையில் அண்ணி அவன் துணிகளைத் துவைக்கக் கீழே போனாள். அப்போது ஊசியின் போன் அடித்தது. மேஸ்திரி. பின்னால் யார்டு இரைந்தது.

"அம்மா, உங்க அண்ணியை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. உங்களுக்கு மொழி புரியாதுன்னு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். காலை எடுத்தாகணுமாம், விஷம் ஏறுது. உங்க அண்ணன் பேசற நிலையில இல்ல, சம்சாரம் கையெழுத்து வேணும். எனக்கு இங்க விபத்து விசாரணை, அதிகாரிங்க வந்து உக்காந்திருக்காங்க, நகர முடியாது. வாசல்ல டாக்சி பிடிச்சுப் போயிடுங்க. சொல்றீங்களா?"

"சொல்றேன் சார்."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே துவைக்கிற கல்லருகே அண்ணி குனிந்து சட்டையைக் கும்மிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஊசி கூப்பிடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாளே.

"வெட்டவா?" அம்மா அலறினாள். "என் புள்ளை காலையா? கையெழுத்துப் போட விடாதே. அவ போட்டுடுவா. அவளுக்கென்ன, காலில்லாத புருஷன்னா வீட்டோட கிடப்பான்னு போட்டுடுவா. இங்க கொண்டு வந்துட்டா நான் எந்த வைத்தியனைப் பிடிச்சாவது சரி பண்ணிடுவேன். அவகிட்ட சொல்லாதே. கேக்குதா?"

"விஷம் ஏறுதுங்கறாங்கம்மா."

"பயமுறுத்துவானுங்க. காலை எடுத்துட்டா அவனுங்களுக்கு வேலை முடிஞ்சுது. சொல்லாதேன்னா சொல்லாதே."

ஊசி பேச்சைத் துண்டித்துப் போனையே அணைத்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். அண்ணன் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். பின்னாலேயே ஓடி வருவான். அவன் கால் இல்லாமல் இருப்பதை நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. முடியாததால் அம்மா சொல்வதே சரி என்று பட்டது. 

அண்ணி ஈரக் கையோடு மேலே வந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள், கதவருகே நின்று கேட்டாள்.

"யாராவது கூப்பிட்டாங்களா? ஆஸ்பத்திரியிலேருந்து?"

"இல்ல."

"போனைப் பாத்துதான் சொல்றியா?"

"கூப்பிட்டா சொல்ல மாட்டேனா?"

அண்ணி துணிகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். தூசி படிந்துவிடும் என்று தெரிந்தும் போட்டாள். மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் தனித்தனி மேசையில் தின்றார்கள். ஊசி பாதிச் சோற்றில் போனை எடுத்துப் பார்த்தாள், திறக்காமலேயே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மேஸ்திரி படியில் காத்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னம்மா இது? காலையில சொன்னேன், இப்ப வர்றீங்க? ஒரு டஜன் தடவை கூப்பிட்டிருப்பேன், போன் அணைஞ்சு கிடக்கு. டாக்டர் கத்தறார்!"

"காலையிலயா?" என்றாள் அண்ணி.

"இவங்ககிட்டதான் சொன்னேன்."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். ஊசி ஓர் அடி பின்னால் போனாள். கன்னத்தில் அறை விழும் என்றுதான் நினைத்தாள். விழவில்லை. அண்ணி படியேறி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று படியிலேயே கிடந்தது. ஊசி அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அண்ணி எங்கே காட்டினார்களோ அங்கே கையெழுத்துப் போட்டாள். டாக்டர் வேகவேகமாகப் பேசியதை மேஸ்திரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: இனி முழங்காலுக்கு மேலேதான் எடுக்க முடியும். காலையிலேயே என்றால் கீழேயே முடிந்திருக்குமா என்று அண்ணி கேட்டாள். முடிந்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம், அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். 

ஆபரேஷன் அறைக்கு வெளியே நீள பெஞ்சு. இரண்டு முனையில் இரண்டு பேர். ஊசி செருப்பை அண்ணியின் காலருகே வைத்தாள். அண்ணி அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணி..."

"பேசாதே." அண்ணியின் குரல் தாழ்ந்திருந்தது. "அவர்கிட்ட இதை நான் சொல்ல மாட்டேன். பயப்படாதே. நான் சொன்னா உன்னை ரெண்டு அறை அறைவார். அப்புறம் தங்கச்சின்னு மனசு இளகிடுவார். உனக்கு லேசாப் போயிடும். சொல்ல மாட்டேன். நீயே வச்சுக்க. உன் போன் மாதிரி தலைகாணிக்கு அடியில வச்சுக்க."

ஊசி குனிந்து செருப்பை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.  

கால் போய்விட்டது, உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி சுவரில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"போனைக் குடு. அத்தைகிட்ட பேசணும்."

ஊசி கொடுத்தாள்.

"ஸ்பீக்கர் போடறேன். நீதானே எப்பவும் போடச் சொல்லுவே. நீ இங்க இருக்கேன்னு காட்டிக்காதே." 

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். அண்ணி செய்தியைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒப்பாரி எழுந்தது. அண்ணி அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அத்தை, காலையிலேயே டாக்டர் கூப்பிட்டாராம். உங்க பொண்ணு என்கிட்ட சொல்லலை. நீங்கதான் சொல்ல வேண்டாம்னீங்களா?"

ஒப்பாரி நின்றது.

"நானா? எனக்கென்ன தெரியும்? கடல் தாண்டிக் கிடக்கிற நான் என்னத்தைச் சொல்லப் போறேன்? டாக்டர் சொல்றபடி செய்யுங்கன்னுதான் சொன்னேன். அவ என்ன பண்ணித் தொலைச்சாளோ! புருஷன் வீட்டுலயே பிழைக்கத் தெரியாம வந்தவ, அவளை நம்பி அனுப்பினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

ஊசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.   

அண்ணி போனைத் துண்டித்தாள். 

"கேட்டுக்கிட்டியா? இந்த நாக்கோடதான் எட்டு வருஷமா நான் குடித்தனம் பண்றேன். உனக்கு ஒருநாள்ல மூஞ்சி வெளுத்துடுச்சு." கைப்பையைத் திறந்துகொண்டே, "அதுக்காக உன்னை விட்டுட்டேன்னு நினைக்காதே" என்றாள். 

போனைத் திருப்பித் தரவில்லை. தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஊசி கேட்கவுமில்லை.

அண்ணனுக்குத் தெளிவு வந்த அன்று ஜன்னலுக்கு வெளியே தூசி அடங்கியிருந்தது. வானம் நீலமாக இருந்தது. அவன் போர்வையின் பள்ளத்தை வெகுநேரம் பார்த்தான். அண்ணி அவன் உதட்டைப் பஞ்சால் நனைத்தாள்.

"யார் கையெழுத்துப் போட்டது?"

"நான்" என்றாள் அண்ணி.

"முழங்கால் வரைக்கும்கூட மிச்சம் வைக்க முடியலையாமா?"

அண்ணி பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், வாயைத் திறக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஊசிக்கு, இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று தோன்றியது. தலையணைக்கு அடியில் வைக்கிற பொருள் இல்லை இது.

"என்னாலதான் அண்ணா. காலையில கூப்பிட்டாங்க. நான் அண்ணிகிட்ட சொல்லலை. சாயங்காலம்தான் தெரிஞ்சது. அண்ணி போனையும் நான்தான்... பூட்டு எடுக்கணும்னு ஊர்லயே போன் ரிப்பேர்காரர் சொன்னார். அதையும் சொல்லலை."

இரண்டாவதைக் கேட்டு அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். அது அவளுக்குப் புதிது.

"ஏன் சொல்லலை?" என்றான் அண்ணன்.

"அம்மா வேண்டாம்னாங்க. வெட்ட விடாதேன்னாங்க. எனக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடே கேட்டான்.

"அது யாரோட காலுன்னு நினைச்சீங்க ரெண்டு பேரும்?"

ஊசி நின்றுகொண்டே இருந்தாள்.

"போ பாப்பா. என் முன்னாடி நிக்காதே."

டிக்கெட்டை மாற்ற முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஊசி அங்கேயே இருந்தாள், வார்டுக்கு வெளியே வராந்தாவில். அண்ணனின் துணிகளைத் துவைத்தாள். காய்ந்ததும் உதறி மடித்து அண்ணியிடம் கொடுத்தாள். வலதுகால் பக்கம் இனி முழு நீளம் தேவைப்படாத பைஜாமாக்களை வெட்டி, ஓரம் மடித்துக் கையால் தைத்தாள். அண்ணி அவற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். உள்ளேயிருந்து குழந்தையின் குரல் ஸ்பீக்கரில் கேட்கும், அண்ணன் சிரிப்பான், பல் விழுந்த கதை நடக்கும். ஊசி சுவரின் இந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருப்பாள். அம்மா கூப்பிட்டால் அண்ணி துண்டித்துவிடுவாள். ஊசியிடம் கேட்டுவிட்டுத் துண்டிக்கவில்லை. ஊசியும் தடுக்கவில்லை.

ஒரு காலை வார்டு நர்ஸ் வெளியே வந்து இவள் தோளைத் தட்டி உள்ளே இழுத்தாள். அந்தப் பெண்ணுக்கு நம் மொழி தெரியாது. இந்த வீட்டுச் சண்டையும் தெரியாது. நோயாளியை முதல்முறையாக எழுப்பி நிறுத்த வேண்டும், பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அண்ணியை இடப்பக்கம் நிறுத்தினாள். ஊசியை வலப்பக்கம் தள்ளினாள்.

"இவ வேண்டாம்" என்றான் அண்ணன்.

நர்ஸ் புரியாமல் சிரித்துவிட்டுத் தன் மொழியில் எண்ண ஆரம்பித்தாள். 

அவன் அண்ணியின் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்தான். இருக்கிற ஒற்றைக் கால் நடுங்கியது. பாரம் முழுக்க ஒரே பக்கம் இறங்க, அண்ணியின் முழங்கால் மடங்கியது. "பிடி, பிடி" என்று அண்ணி பல்லைக் கடித்தபடி சொன்னாள். அவனிடம் சொன்னாளா, ஊசியிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. ஊசி கிட்டே போய்த் தோளைக் கொடுத்தாள். அவன் வலது கை காற்றில் ஒரு நிமிஷம் தொங்கியது. இல்லாத காலின் பக்கம் உடம்பு சாய்ந்தது. அப்போது அந்தக் கை வந்து அவள் தோளைப் பற்றியது; சதையோடு சேர்த்து, எலும்பில் விரல் பதியும்படி. கிரேன் நெம்புகோலைப் பிடித்துக் காய்த்த கை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் தோள் நடுங்கியது.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆடாம நில்லு" என்றான்.

நின்றாள்.